விளிம்பில் நிறுத்தப்பட்டவர்களுக்குத் துணை நிற்பது எப்படி?

கேள்வி
எழுதியவர்: புதுவழி

அனைவருக்கும் வணக்கம். நான் பணிபுரியும் குழுவில் சில மாதங்களுக்கு முன் ஒரு பெண் சேர்ந்தார். அவருக்குச் செவித்திறன் மிகக் குறைவு. இரு காதுகளிலும் கருவி அணிந்திருக்கிறார். எதிரில் இருப்பவரின் உதட்டசைவையும் சேர்த்துப் பார்த்துத்தான் பேச்சைப் பின்தொடர்கிறார். இருவராக அமர்ந்து பேசும்போது எந்தத் தடங்கலும் இல்லை. வாராந்திரக் கூட்டத்தில்தான் நிலைமை மாறிவிடுகிறது. நான்கைந்து பேர் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள். ஒருவர் பலகையில் எழுதியபடியே, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு விளக்குகிறார். யாரோ ஒருவர் வேடிக்கையாக எதையோ சொல்ல, எல்லோரும் சிரிக்கிறோம், அவரும் ஒரு நொடி தாமதித்துச் சிரிக்கிறார். அந்த ஒரு நொடித் தாமதத்தைக் கவனித்த நாளிலிருந்து எனக்கு மனம் ஒப்பவில்லை. யாருக்கு எந்த வேலை, யாருடைய யோசனை ஏற்கப்படும் என்பதெல்லாம் அந்தக் கூட்டத்தில்தான் முடிவாகின்றன. அவரோ முடிவுகளை மறுநாள் மின்னஞ்சலில்தான் தெரிந்துகொள்கிறார்.

இதைப் பற்றி உடன் பணிபுரியும் இருவரிடம் பேசினேன். ஒருவர், "அவருக்குத் தேவையென்றால் அவரே கேட்கட்டும், நாமாகப் போய்ச் சொன்னால் அவரைக் குறைத்து மதிப்பிடுவதாகிவிடும்" என்றார். மற்றவர், அடுத்த கூட்டத்திலேயே எழுந்து நின்று இது அநீதி என்று அனைவர் முன்னிலையிலும் சொல்ல வேண்டும் என்றார். இரண்டுமே எனக்கு முழுமையாகச் சரியாகப் படவில்லை.

என் கேள்வி இந்த ஒரு சூழலோடு முடிந்துவிடுவதும் அன்று. சாதி, பாலினம், மதம், நிறம், உடற்குறை, பிறப்பிடம் என ஏதோ ஒரு காரணத்தால் ஒதுக்கப்படுகிறவர்களோடு நாம் எல்லோரும் சேர்ந்து படிக்கிறோம், பணிபுரிகிறோம். அந்த ஒதுக்குதலின் வலியை நேரடியாக அனுபவிக்காத என்னைப் போன்ற ஒருவர், அவர்களுடைய இடத்தைத் தான் பிடித்துக்கொள்ளாமலும், கண்டும் காணாமலும் இருந்துவிடாமலும், உண்மையிலேயே பயன்படும் வகையில் எப்படித் துணை நிற்பது? இதில் நேரடி அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன்.


மறுமொழி
எழுதியவர்: கடற்காகம்

தாங்கள் குறிப்பிட்ட அந்த ஒரு நொடித் தாமதத்தை நான் நன்கு அறிவேன். நான் பிறவியிலிருந்தே செவித்திறன் குறைந்தவள். அப்படிச் சிரிக்கும்போது ஒருவர் மனத்தில் ஓடுவது இதுதான்: என்ன சொன்னார்கள் என்று கேட்டால் யாராவது "ஒன்றுமில்லை, விடுங்கள்" என்பார்கள்; கேட்காமல் இருந்தால் நான் மட்டும் வெளியே நிற்பது எல்லோருக்கும் தெரிந்துவிடும்; ஆகவே சிரித்துவிடுவதே எளிது.

உதட்டசைவைப் படிப்பது கேட்பதற்கு ஈடான ஒரு வழி என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். ப, ம ஆகிய இரண்டு ஒலிகளும் உதடுகளை மூடித் திறப்பதால் பிறப்பவை; எனவே ஒருவர் "பணம்" என்று சொன்னாலும் "மணம்" என்று சொன்னாலும் பார்ப்பவருக்கு உதடு ஒன்றுபோலவே தெரியும். ககரம் போன்ற ஒலிகள் வாயின் பின்பகுதியில் பிறப்பதால் உதட்டில் ஏறக்குறைய எதுவுமே தெரியாது. இந்த இடைவெளிகளை எல்லாம் கருவி வழியே வரும் அரைகுறை ஒலியையும் பேச்சின் சூழலையும் வைத்து ஊகித்து நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். பேசுபவர் முகத்தைத் திருப்பினாலோ, கையால் வாயை மறைத்தாலோ, சன்னலுக்கு முன்னால் அமர்ந்ததால் முகம் நிழலில் மறைந்தாலோ, அந்த ஊகத்துக்கும் வழியில்லை. ஒரு மணி நேரக் கூட்டம் முடியும்போது மற்றவர்கள் தேநீர் அருந்தப் போவார்கள். அவருக்கோ கண்ணை மூடிச் சற்று நேரம் அமர்ந்திருக்கத் தோன்றும்.

முதலில் செய்ய வேண்டியது, அவரிடம் தனியாகப் பேசுவது. "உங்களுக்கு என்ன உதவி வேண்டும்" என்று கேட்டால், பெரும்பாலோர் "ஒன்றும் வேண்டாம்" என்றுதான் சொல்வார்கள். அந்தக் கேள்வி கேட்பவரைக் கொடுப்பவராகவும் எதிரில் இருப்பவரைப் பெறுபவராகவும் ஆக்கிவிடுகிறது. அதற்குப் பதிலாக, தாங்கள் கண்டதைச் சொல்லுங்கள்: "கூட்டத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுவதால் பின்தொடர முடியாமல் போகிறது என்று நினைக்கிறேன், இதை மாற்ற விரும்புகிறேன். நான் சொல்லட்டுமா, நீங்களே சொல்ல விரும்புகிறீர்களா, அல்லது இப்போதைக்கு விட்டுவிடலாமா?" இதில் மூன்று வழிகள் இருக்கின்றன, அவற்றில் மூன்றாவதையும் அவர் தயக்கமின்றித் தேர்ந்தெடுக்கக்கூடியதாகத் தங்கள் குரல் இருக்க வேண்டும். வேண்டாம் என்று அவர் சொன்னால், அதற்கான காரணத்தைக் கேட்டுத் துருவாமல் ஏற்றுக்கொள்ளுங்கள். பணியில் உறுதிப்படுத்தப்படாத நிலையில் இருக்கலாம், முந்தைய இடத்தில் கசப்பான அனுபவம் இருந்திருக்கலாம், அல்லது அன்றைக்கு அதைப் பற்றிப் பேசும் மனநிலை இல்லாமல் இருக்கலாம்.

"அவரே கேட்கட்டும்" என்ற தங்கள் நண்பரின் கருத்துக்கும் ஒரு பதில் சொல்ல வேண்டும். கேட்பது ஒருமுறை செய்து முடிக்கும் வேலையன்று. ஒவ்வொரு புதிய குழுவிலும், ஒவ்வொரு புதிய மேலாளரிடமும், ஒவ்வொரு பயிற்சி வகுப்பிலும் முதலிலிருந்து கேட்க வேண்டும். கேட்கும்போதெல்லாம் எதிரில் இருப்பவரின் முகம் சற்றே சுருங்குகிறதா என்று பார்க்கவும் வேண்டும். தடையை அனுபவிப்பவரே அதை விளக்கவும் வேண்டும், நீக்கும்படி மன்றாடவும் வேண்டும் என்பது குதிரை கீழே தள்ளியதோடு குழியும் பறித்த கதையாகும். ஐக்கிய நாடுகள் அவை 2006-இல் ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை இதில் மிகத் தெளிவாக இருக்கிறது: நிறுவனத்துக்குத் தாங்க முடியாத சுமையாக அமையாத நியாயமான மாற்றங்களை ஒருவருக்குச் செய்து தர மறுப்பதே பாகுபாடு என்று அதன் இரண்டாம் பிரிவு வரையறுக்கிறது. ஒருவர் ஒருவராகப் பேசுவதும், கூட்டத்தின் பொருளை முன்கூட்டியே எழுத்தில் அனுப்புவதும், பேசுவதை உடனுக்குடன் எழுத்தாகக் காட்டும் நேரடி எழுத்துரையைத் திரையில் ஓடச் செய்வதும் எந்த நிறுவனத்துக்கும் சுமையாக இருக்க முடியாது.

கடைசியாக ஒன்று. மாற்றம் வந்தால், அது அவரால் வந்தது என்று அறிவிக்காதீர்கள். "இனிமேல் கூட்டத்தில் ஒருவர் ஒருவராகப் பேசுவோம்" என்பது எல்லோருக்குமான ஒழுங்கு. "இவருக்காக இனிமேல் ஒருவர் ஒருவராகப் பேசுவோம்" என்று சொன்னால், அடுத்த முறை யாருக்காவது பேச்சு தடைபடும்போது எல்லோருடைய கண்களும் அவர் பக்கம்தான் திரும்பும்.


மறுமொழி
எழுதியவர்: ஏட்டுச்சுவடி

முந்தைய மறுமொழி மிகவும் தெளிவாக இருக்கிறது. தங்கள் கேள்வியின் இரண்டாம் பகுதிக்கு வரலாற்றிலிருந்து சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன். பிறருக்காக நின்றவர்கள் என்ன செய்தார்கள், எதை விட்டுக்கொடுத்தார்கள் என்பதைப் பார்ப்பது எனக்குப் பலவற்றைத் தெளிவாக்கியிருக்கிறது.

1840-இல் லண்டனில் உலக அடிமை எதிர்ப்பு மாநாடு நடைபெற்றது. அமெரிக்காவிலிருந்து முறைப்படி தேர்ந்தெடுக்கப்பட்டு வந்த பெண் பிரதிநிதிகளை அம்மாநாடு பிரதிநிதிகளாக ஏற்க மறுத்தது. அவர்கள் பேசவோ வாக்களிக்கவோ முடியாமல், பார்வையாளர் பகுதியில் அமர்த்தப்பட்டார்கள். அடிமை முறையை ஒழிக்கக் கூடியவர்களே பெண்களை வெளியே நிறுத்தினார்கள் என்பதை நாம் மறக்கக் கூடாது. ஓர் அநீதியை எதிர்ப்பவருக்கு மற்றோர் அநீதி தானாகவே கண்ணில் படும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. அமெரிக்க அடிமை எதிர்ப்பு இயக்கத்தின் மிகப் புகழ்பெற்ற குரல்களுள் ஒருவரான வில்லியம் லாயிட் கேரிசன் சில நாள்கள் தாமதமாக வந்து சேர்ந்தார். நடந்ததை அறிந்ததும் பிரதிநிதிகள் இருக்கையில் அமர மறுத்து, பெண்களோடு பார்வையாளர் பகுதியிலேயே அமர்ந்துகொண்டார். சார்லஸ் லெனக்ஸ் ரெமண்ட் என்ற கறுப்பினச் சொற்பொழிவாளரும் அவ்வாறே அமர்ந்தார். கேரிசனின் பேச்சைக் கேட்கவே பலர் காத்திருந்தார்கள். அந்தப் பேச்சு அவர்களுக்குக் கிடைக்கவில்லை. மேடையில் நின்று பெண்களுக்காக அவர் பரிந்து பேசியிருக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. ஆனால் அந்தப் பெண்களுக்கு மறுக்கப்பட்ட மேடையை அவர் மட்டும் பயன்படுத்தியிருந்தால், அவர்கள் இல்லாமலும் மாநாடு முழுமையாக நடக்கும் என்பதை அவரே மெய்ப்பித்ததாகியிருக்கும். அவர் கையில் இருந்த மதிப்புமிக்க பொருள் அந்தப் பேச்சுதான். அதையே அவர் தர மறுத்தார்.

அம்மாநாட்டில், ஏற்க மறுக்கப்பட்ட பிரதிநிதிகளுள் ஒருவரான லுக்ரீஷியா மாட்டும் எலிசபெத் கேடி ஸ்டான்டனும் சந்தித்துக்கொண்டார்கள். எட்டு ஆண்டுகளுக்குப் பின், 1848 ஜூலையில், அமெரிக்காவின் செனகா ஃபால்ஸ் என்னும் ஊரில் பெண்ணுரிமை மாநாட்டைக் கூட்டியவர்களுள் இவ்விருவரும் அடங்குவர். பெண்களுக்கு வாக்குரிமை வேண்டும் என்ற தீர்மானத்தை ஸ்டான்டன் முன்வைத்தபோது, அது மிகையான கோரிக்கை என்று உடனிருந்தவர்களே தயங்கினார்கள். அடிமை நிலையிலிருந்து தப்பி வந்தவரான ஃபிரெடெரிக் டக்ளஸ் அப்போது எழுந்து அத்தீர்மானத்தை ஆதரித்துப் பேசினார். அதன் பிறகு அது நிறைவேறியது. மாநாடு வெளியிட்ட பிரகடனத்தில் 68 பெண்களும் 32 ஆண்களும் கையெழுத்திட்டனர். கோரிக்கையை எழுதியவர் ஸ்டான்டன். டக்ளஸ் அதை மாற்றவும் இல்லை, தணிக்கவும் இல்லை. கோரிக்கை விடுப்பவர்களின் நெருங்கிய வட்டமே "இவ்வளவு வேண்டாம்" என்று பின்வாங்கும் நேரத்தில், "அவர் கேட்பது சரியே" என்று சொல்வதற்கு ஒருவர் தேவைப்படுகிறார்.

இந்த உறவு எப்போதும் இனிமையாகவே இருக்கவில்லை. இனத்தைக் காரணம் காட்டி வாக்குரிமையை மறுக்கக் கூடாது என்ற அமெரிக்காவின் 15-ஆம் அரசியல் சட்டத் திருத்தம் பெண்களை விட்டுவிட்டது. ஸ்டான்டன் அதனை எதிர்த்தார். எதிர்க்கும்போது கறுப்பின ஆண்களைப் பற்றி இழிவாகவும் பேசினார். 1869-இல், பெண்ணுரிமைக்காகவும் கறுப்பினத்தவரின் உரிமைக்காகவும் நின்ற இரு தரப்பினரும் சேர்ந்து நடத்திவந்த அமைப்பே உடைந்தது. டக்ளஸ் தம் கருத்து வேறுபாட்டை வெளிப்படையாகச் சொன்னார், ஆனால் பெண்களின் வாக்குரிமைக்காகப் பேசுவதை நிறுத்தவில்லை. 1895 பிப்ரவரி 20 அன்று, அவர் இறந்த நாளின் பகல் பொழுதிலும், வாஷிங்டனில் ஒரு பெண்கள் கூட்டத்துக்குத்தான் சென்றிருந்தார். நன்றியை எதிர்பார்த்துத் துணை நிற்பவரால் இத்தனை ஆண்டுகள் நின்றிருக்க முடியாது.

தங்கள் சூழலுக்கு இன்னும் நெருக்கமான ஒரு நிகழ்வையும் சொல்கிறேன். அரசு நிதி பெறும் எந்த நிறுவனமும் மாற்றுத்திறனாளிகளை ஒதுக்கக் கூடாது என்ற சட்டப் பிரிவு 1973-இல் அமெரிக்காவில் இயற்றப்பட்டது. ஆனால் அதனை நடைமுறைப்படுத்தும் விதிகளில் நான்கு ஆண்டுகளாக யாரும் கையெழுத்திடவில்லை. 1977 ஏப்ரல் 5 அன்று சான் பிரான்சிஸ்கோவில் இருந்த அரசுக் கட்டடத்துக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட மாற்றுத்திறனாளிகளும் அவர்களுடைய உதவியாளர்களும் நுழைந்து, வெளியேற மறுத்தார்கள். தொலைபேசி இணைப்புகள் துண்டிக்கப்பட்டபோது, செவித்திறனற்ற போராளிகள் சன்னல் வழியாகச் சைகை மொழியில் வெளியே இருந்தவர்களுக்குச் செய்தி சொன்னார்கள். கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய கருஞ்சிறுத்தைகள் கட்சியினர் நாள்தோறும் வளைகுடாவின் மறுகரையிலிருந்து சூடான உணவு சமைத்துக் கொண்டுவந்து கொடுத்தார்கள். கட்டடத்துக்குள் இருந்தவர்களுள் அக்கட்சியைச் சேர்ந்த, சக்கர நாற்காலியைப் பயன்படுத்திய பிராட் லோமாக்ஸ் என்பவரும் ஒருவர். வெளியிலிருந்து வந்தவர்கள் பேச்சுவார்த்தையில் அமரவில்லை, கோரிக்கைகளைத் திருத்தவில்லை; உள்ளே இருப்பவர்கள் இன்னும் ஒரு நாள் தாக்குப்பிடிக்க என்ன வேண்டுமோ அதைக் கொடுத்தார்கள். ஏப்ரல் 28 அன்று விதிகள் கையெழுத்தாயின.


மறுமொழி
எழுதியவர்: எதிர்க்கரை

முன்னவர்கள் இருவரும் சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன், ஆனால் கடற்காகம் அவர்களின் கடைசிக் கருத்தோடு மரியாதையுடன் மாறுபடுகிறேன். யாருக்காக என்று சொல்லாமல், ஓசையின்றி ஒழுங்கை மாற்றிவிடுவது அவருடைய தன்மதிப்பைக் காக்கும் என்பது உண்மையே. ஆனால் அப்படி வாய்மொழியாக வந்த ஒழுங்கு, அதைக் கொண்டுவந்தவர் வேறு பிரிவுக்கு மாற்றலாகிப் போனதும் மறைந்துவிடுகிறது. புதிய மேலாளர் வருகிறார், பழைய பழக்கம் திரும்புகிறது, அந்தப் பெண் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. ஆகவே எதைச் செய்தாலும் எழுத்தில் இருக்கச் செய்யுங்கள். கூட்டம் நடத்தும் முறை என்று ஒரு பக்கத்தில் எழுதி, துறையின் ஆவணங்களோடு சேர்த்துவிட்டால், அது உங்களுடைய நல்லெண்ணத்தைச் சார்ந்து நிற்காது. நேரடி எழுத்துரைக்கோ சைகைமொழி பெயர்ப்பாளருக்கோ பணம் வேண்டுமென்றால், அதைப் பொதுச் செலவுக் கணக்கில் கேட்டு வாங்குங்கள். ஒருவருடைய திட்டத்துக்கான ஒதுக்கீட்டிலிருந்து எடுத்தால், அவரைக் குழுவில் சேர்த்துக்கொள்ளவே அடுத்த மேலாளர் தயங்குவார்.

இன்னொரு சிக்கலைப் பற்றியும் பேச வேண்டும். பாதிக்கப்பட்டவர்கள் சொல்வதைக் கேளுங்கள் என்று எல்லோரும் சொல்கிறோம், ஆனால் அவர்கள் ஒரே குரலில் பேசுவதில்லை. கருவி வேண்டும் என்பவரும், சைகை மொழியே தம் மொழி, கருவி எதற்கு என்பவரும் செவித்திறன் இல்லாதவர்களிடையே உண்டு. தமக்கு இணக்கமான கருத்தைச் சொல்லும் ஒருவரை மட்டும் தேடிப் பிடித்து, "அவர்களே இப்படித்தான் சொல்கிறார்கள்" என்று மற்ற எல்லோருடைய வாயையும் அடைப்பதை நான் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். ஒருவருடைய அன்றாடத் தேவையைப் பற்றியதென்றால், அவருடைய சொல்லே இறுதியானது. அங்கே வேறு யாருடைய கருத்துக்கும் இடமில்லை. எல்லோரையும் பாதிக்கும் விதி ஒன்றை வகுப்பதென்றால், தனி ஒருவரை அழைத்துக் கருத்துக் கேட்டு நிறுத்திவிடக் கூடாது. அவர்கள் தாமே அமைத்துக்கொண்ட அமைப்புகளிடம் போக வேண்டும். ஐ.நா. உடன்படிக்கையின் நான்காம் பிரிவும் இதையே சொல்கிறது: மாற்றுத்திறனாளிகளைப் பற்றிய முடிவுகளை எடுக்கும்போது, அவர்களைப் பிரதிநிதித்துவப்படுத்தும் அமைப்புகளின் வழியாக அவர்களோடு நெருக்கமாகக் கலந்துபேசி, அவர்களை முனைப்புடன் ஈடுபடுத்த வேண்டும் என்பது அரசுகளின் கடமை.

தம் நேரத்தைச் செலவிட்டு நிறுவனத்துக்கு ஆலோசனை சொல்பவருக்கு ஊதியம் கொடுக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாதிக்கப்பட்டவர் தம் வலியை விவரிப்பதை இலவசப் பயிற்சி வகுப்பாக எண்ணுவது பரவலாக இருக்கிறது, அது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது.


மறுமொழி
எழுதியவர்: நடுவிருக்கை

நான் பணியாளர் தேர்வுக் குழுக்களில் நெடுங்காலம் அமர்ந்திருக்கிறேன். அந்த அனுபவத்திலிருந்து ஒன்றைச் சொல்ல வேண்டும்: துணை நிற்பவரின் வேலை பெரும்பாலும், யாருக்காக நிற்கிறாரோ அவர் இல்லாத அறையில்தான் நடக்கிறது. எதிரே நிற்கும்போது யாரும் இழிவாகப் பேசுவதில்லை. விண்ணப்பங்களைப் பிரிக்கும்போதும், பதவி உயர்வுப் பட்டியலைத் தயாரிக்கும்போதும்தான் "நம் குழுவுக்கு ஒத்துவருவாரா" என்ற கேள்வி எழுகிறது. 2004-இல் வெளியான ஓர் ஆய்வில், பாஸ்டன், சிகாகோ நகரங்களின் வேலை விளம்பரங்களுக்கு ஏறக்குறைய 5,000 கற்பனை விண்ணப்பங்களை அனுப்பினார்கள். தகுதிகள் ஒத்திருக்க, பெயர்கள் மட்டும் மாறின. வெள்ளையர்களுக்குரிய பெயர் கொண்ட விண்ணப்பங்களுக்கு நேர்காணல் அழைப்பு சுமார் 50 விழுக்காடு அதிகமாகக் கிடைத்தது. அழைப்பு வராதவர்களில் ஒருவருக்கும் தமக்கு ஏன் வரவில்லை என்று தெரிந்திருக்க வழியே இல்லை. அந்த மேசையில் இருப்பவர் மட்டுமே அதைக் காண முடியும், அவர் மட்டுமே தடுக்க முடியும்.

தடுப்பதற்கு நீண்ட சொற்பொழிவு வேண்டியதில்லை. "ஒத்துவர மாட்டார் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?" என்று அமைதியாகக் கேட்டால் போதும். காரணம் இருந்தால் சொல்வார்கள், அதைப் பரிசீலிக்கலாம். இல்லாவிட்டால், இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடும். இழிவான வேடிக்கைப் பேச்சு ஒன்றைக் கேட்டால், "எனக்குப் புரியவில்லை, இதில் சிரிக்க என்ன இருக்கிறது, விளக்குங்கள்" என்று நேர்மையாகக் கேட்கலாம். உடனடியாகச் சொல்வது முக்கியம். அன்று மாலை தனியாக வந்து "அவர் அப்படிப் பேசியிருக்கக் கூடாது" என்று பாதிக்கப்பட்டவரிடம் வருத்தம் தெரிவிப்பது உங்கள் மனத்தை இலேசாக்கும், அவருக்கு எதையும் மாற்றாது. பலர் இருக்கும் இடத்தில் ஒவ்வொருவரும் வேறு யாராவது பேசுவார்கள் என்று காத்திருப்பதைச் சமூக உளவியலாளர்கள் ஜான் டார்லியும் பிப் லட்டானேயும் 1968-இலேயே ஆய்வு செய்து காட்டினார்கள். வேறு யாராவது பேசுவார்கள் என்று நீங்களும் காத்திருக்க வேண்டாம் என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன்.

நீங்கள் சொன்னால் எடுபடுவதற்கு ஒரு காரணமும் இருக்கிறது, அது மகிழ்ச்சியான காரணமன்று. இனவெறுப்பான பேச்சைச் சுட்டிக்காட்டுபவர் கறுப்பினத்தவராக இருந்தால் முரட்டுத்தனமாகப் பேசுகிறார் என்றும், வெள்ளையராக இருந்தால் நியாயத்தை எடுத்துச் சொல்கிறார் என்றும் பார்ப்பவர்கள் மதிப்பிட்டதை 2010-இல் வெளியான ஓர் ஆய்வு பதிவுசெய்தது. இந்த ஏற்றத்தாழ்வு நியாயமற்றது. அது நீங்கும் வரை, குறைந்த சேதத்தோடு பேசக்கூடியவர் பேச வேண்டியிருக்கிறது.

கூட்டங்களைப் பற்றியும் ஒரு நடைமுறையைச் சொல்கிறேன். அமெரிக்க அதிபர் ஒபாமாவின் முதல் ஆட்சிக் காலத்தில் வெள்ளை மாளிகையில் பணியாற்றிய பெண் அலுவலர்கள், தங்கள் கருத்துகள் கூட்டங்களில் கவனிக்கப்படாமல் போவதையும் பிறகு ஆண்களின் கருத்துகளாகத் திரும்பி வருவதையும் கண்டு, ஒரு வழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டார்கள். ஒரு பெண் நல்ல கருத்தைச் சொன்னால், மற்றொருவர் அவர் பெயரைச் சொல்லி அதே கருத்தை மீண்டும் எடுத்துரைப்பார். இதை யாரும் எந்தக் கூட்டத்திலும் செய்யலாம். "இதை முதலில் சொன்னவர் இவர், அவரே தொடர்ந்து விளக்கட்டும்" என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். நிறுத்திக்கொள்வதுதான் பலருக்குக் கடினமாக இருக்கிறது. கருத்தை எடுத்துக் கொடுத்தவரே அதை விளக்கவும் தொடங்கிவிட்டால், குறிப்பேட்டில் அவர் பெயர்தான் பதிவாகும்.

இதற்கெல்லாம் ஒரு விலை உண்டு என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. சில மேலாளர்கள் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள், சில அழைப்புகள் வராது. அதைத் தாங்க இயலும் அளவைத் தாமே கணக்கிட்டுக்கொண்டு இறங்குங்கள். பாதி வழியில் விட்டுவிட்டு விலகினால், அதன் விளைவு உங்களைவிட அவர்களையே அதிகம் தாக்கும்.


மறுமொழி
எழுதியவர்: புதுவழி

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. கடற்காகம் அவர்கள் எழுதியபடியே அவரிடம் தனியாகப் பேசினேன். நான் எதிர்பார்த்திருந்ததிலிருந்து அவர் சொன்னது வேறாக இருந்தது. ஒருவர் ஒருவராகப் பேசுவதும் எழுத்துரையும் வேண்டும்தான், ஆனால் அவருக்கு மிகுந்த துன்பம் தருவது கூட்டமே அன்று, கூட்டம் முடிந்து எல்லோரும் நடந்துகொண்டே பேசும் அந்தப் பத்து நிமிடம்தான் என்றார். நடக்கும்போது யாருடைய முகமும் தெரிவதில்லை. பல முடிவுகள் அப்போதுதான் மாறுகின்றன. இதை நான் கவனித்ததே இல்லை. கூட்டத்தின் முறையைப் பற்றி நானே தலைவரிடம் பேசலாம் என்றும், தம் பெயரைச் சொல்ல வேண்டாம் என்றும், சைகைமொழி பெயர்ப்பாளர் குறித்துத் தாமே மனிதவளப் பிரிவில் எழுத்தில் கேட்கப் போவதாகவும், அப்போது என் துணை தேவைப்பட்டால் சொல்வதாகவும் கூறினார். நடைவழிப் பேச்சைப் பற்றி நான் என்ன செய்ய முடியும்? பெயர்ப்பாளர் வந்தால் நாங்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும்?


மறுமொழி
எழுதியவர்: கடற்காகம்

அவர் தாமே கேட்கப் போகிறார் என்பது மகிழ்ச்சி. எதிர்க்கரை அவர்கள் சொன்னபடி எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். பெயர் வேண்டாம் என்பது மட்டுமே என் கருத்து, எழுத்து வேண்டாம் என்பதன்று.

நடைவழிப் பேச்சை யாராலும் தடுக்க முடியாது. ஆனால் அங்கே ஒரு முடிவு மாறுவதைக் கண்டால், "இதை உட்கார்ந்து பேசுவோம்" என்று சொல்லி அறைக்குத் திரும்ப அழைக்கலாம். அது இயலாவிட்டால், மேசைக்குப் போனதும் "இப்படி முடிவாகியிருக்கிறது, யாருக்காவது மாற்றுக் கருத்து உண்டா" என்று குழுவினர் அனைவருக்கும் இரண்டு வரி எழுதுங்கள். அவருக்கு மட்டும் தனியாக எழுதினால், நாளடைவில் தாங்கள் அவருடைய காதாக ஆகிவிடுவீர்கள். அதை அவர் விரும்ப மாட்டார் என்றே நினைக்கிறேன்.

பெயர்ப்பாளர் வரும்போது, கூட்டத்தில் புழங்கும் துறைச் சொற்களையும் பெயர்களையும் முன்னதாகவே அவருக்கு எழுதி அனுப்பிவிடுங்கள். முதன்முறை கேட்கும் பெயரைச் சைகையில் ஒவ்வோர் எழுத்தாகக் காட்டுவதற்குள் பேச்சு வெகுதூரம் போய்விடும். பேசும்போது பெயர்ப்பாளரைப் பார்க்காமல் உங்கள் உடன் பணியாளரைப் பார்த்துப் பேசுங்கள். "அவரிடம் சொல்லுங்கள்" என்று சொல்லாதீர்கள். பெயர்ப்பு எப்போதும் சில நொடிகள் பின்னால்தான் வரும், ஆகவே கேள்வி கேட்டுவிட்டு உடனே அடுத்தவருக்குப் போய்விடாமல் காத்திருங்கள். கூட்டம் நீண்டதென்றால் இரண்டு பெயர்ப்பாளர்கள் முறை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். செலவைக் கணக்கிடும்போதே மனிதவளப் பிரிவினர் இதையும் கருத்தில் கொள்ள வேண்டும் என்று உங்கள் உடன் பணியாளரிடம் சொல்லிவையுங்கள்.